இறக்கை வைத்த குதிரை: சிறுவர் சித்திரமும் நவீன ஓவியமும் நமது பிள்ளைகளும்

"இத எங்கட சின்னவனும் கீறுவான்."

நவீன ஓவியம் ஒன்றின் முன்னால் நிற்கிறவர்கள் சொல்லும் இந்தப் பேச்சு நமக்கெல்லாம் பழக்கமானது. சிற்றிதழ் ஒன்றின் அட்டையைப் பார்த்தும் சொல்வார்கள், கவிதைத் தொகுதியின் உள்ளே கிடக்கிற கோட்டோவியத்தைப் பார்த்தும் சொல்வார்கள். இதில் இரண்டு தீர்ப்புகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, அந்த ஓவியம் பெறுமதி இல்லாதது. மற்றது, சின்னவன் கீறுவதும் பெறுமதி இல்லாதது. முதலாவது தீர்ப்பைப் பற்றி விமர்சகர்கள் வேண்டிய அளவு சண்டை பிடித்துவிட்டார்கள். இரண்டாவது கேள்வி கேட்பாரில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. இக்கட்டுரையின் அக்கறை அந்த இரண்டாவது தீர்ப்பைப் பற்றியது.

நவீன ஓவியத்தின் முன்னோடிகளில் பலர் சிறுவர் சித்திரங்களைத் தேடிச் சேர்த்தவர்கள். பார்த்துப் படித்தவர்கள், சில வேளை அப்படியே பார்த்து வரைந்தவர்கள். ஆகவே "சின்னவனும் கீறுவான்" என்பதை அவர்களிடம் போய்ச் சொன்னால் கோபப்பட மாட்டார்கள், சின்னவன் கீறியதைக் கொண்டு வா பார்ப்போம் என்பார்கள். அந்த வரலாற்றைச் சொல்வது இக்கட்டுரையின் பாதி வேலை. கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் கிடக்கிற இந்தக் கரையில் நாம் நமது பிள்ளைகளின் கீறல்களை என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று கேட்பது மற்றப் பாதி.

மியூனிக் நகரில் நடந்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வரைக்கும் ஐரோப்பாவிலும் பிள்ளையின் படம் என்றால் பிழையான படம்தான். பெரியவர் ஆகும்போது திருந்திவிடும் என்று விட்டுவிடுவார்கள். 1887இல் இத்தாலியரான கொராடோ ரிச்சி சிறுவர் கலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1897இல் வியன்னாவில் பிராண்ஸ் சிசெக் சிறுவர்களுக்கென்று ஓவிய வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். பார்த்து வரைவதைக் கட்டாயமாக்காத, பிள்ளை தன் மனதில் உள்ளதைக் கீறுவதற்கு இடம் விட்ட வகுப்பு அது.

ஓவியர்கள் இதைக் கையில் எடுத்தது ஜேர்மனியின் மியூனிக் நகரில். வசிலி கண்டின்ஸ்கியும் கேப்ரியேல் மூன்ட்டரும் 1908 அளவில் சிறுவர் சித்திரங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அவர்களின் சேகரிப்பு 250ஐத் தாண்டியது. மூன்ட்டர் அவற்றிலிருந்த வீடுகள் சிலவற்றைத் தன் ஓவியத்தில் நேரடியாகவே மீள வரைந்தார். 1912இல் கண்டின்ஸ்கியும் பிராண்ஸ் மார்க்கும் 'நீலக் குதிரைவீரன்' என்ற பெயரில் வெளியிட்ட தொகுப்பிலே சிறுவர் சித்திரங்கள், நாட்டுப்புறக் கண்ணாடி ஓவியங்கள், எகிப்திய நிழற்கூத்துப் பாவைகள், பிக்காசோ, மத்தீஸ் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகின. யாருக்கும் மேசை உயரம், யாருக்கும் பாய் என்று இல்லை. எல்லாருக்கும் ஒரே பந்தி.

அதே வருடம் போல் கிளே அந்த ஓவியர்களின் கண்காட்சியைப் பற்றி எழுதியபோது, கலையின் ஆரம்பங்களைத் தேடுகிறவர்கள் பிள்ளைகளின் அறைக்குள்ளும் போய்ப் பார்க்கலாம் என்ற கருத்தைச் சொன்னார். இது வாய்ப்பேச்சு இல்லை. 1902இல் பெற்றோர் வீட்டில் தான் சின்ன வயதில் கீறிய படங்களைக் கண்டெடுத்தவர் அவர். 1911இல் தன் படைப்புகளுக்குப் பட்டியல் எழுதத் தொடங்கியபோது, ஓவியக் கல்லூரியில் கீறிய பயிற்சிப் படங்களை ஒதுக்கிவிட்டு, சிறுவயதுப் படங்கள் சிலவற்றைத் தெரிந்தெடுத்து முதலில் பதிந்தார்.

இந்த இடத்தில் நமது வாசகர்களுக்கு ஒரு விசேஷமான செய்தி இருக்கிறது. இதே மியூனிக்கில்தான் 1910இல் இஸ்லாமியக் கலைக்கென்று பெரிய கண்காட்சி ஒன்று நடந்தது. கம்பளம், உலோகப் பாத்திரம், கையெழுத்துப் பிரதி, நுண்ணோவியம் என்று 3,000க்கு மேற்பட்ட பொருட்கள். மத்தீஸ் அதைப் பார்ப்பதற்கென்றே பாரிசிலிருந்து வந்தார். கண்டின்ஸ்கி பாரசீக நுண்ணோவியங்களைக் கண்டு வியந்து எழுதினார். நான்கு வருடம் கழித்து, 1914 ஏப்ரலில், கிளே தூனிசியாவுக்குப் போய் கைரவான் நகரின் பள்ளிவாசல்களையும் வெள்ளைச் சுவர்களையும் கண்டு, வர்ணம் என்றால் என்ன என்பது தனக்குப் பிடிபட்டது அங்கேதான் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஆக, பிள்ளைகளின் அறையும் முஸ்லிம்களின் கலையும் ஒரே பத்தாண்டில், ஒரே ஊரில், ஒரே ஓவியர்களின் கண்ணில் பட்டிருக்கின்றன. இது தற்செயல் இல்லை.

ஏன் என்று பார்ப்போம். பிரெஞ்சு ஆய்வாளர் ஜோர்ஜ் ஹென்றி லூக்கே தன் மகள் கீறிய படங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து 1913இல் ஒரு நூலும், 1927இல் சிறுவர் சித்திரத்தைப் பற்றிப் பொதுவாக இன்னொரு நூலும் எழுதினார். அவர் கண்டது, பிள்ளை கண்ணால் பார்ப்பதைக் கீறுவதில்லை, தனக்குத் தெரிந்ததைக் கீறுகிறது என்பது. வீட்டுக்குள்ளே உம்மா சோறு ஆக்குகிறா என்று தெரியும், ஆகவே சுவர் இருந்தாலும் உம்மா வெளியே தெரிவா. றோட்டின் இரண்டு பக்கமும் தென்னை நிற்கிறது என்று தெரியும், ஆகவே ஒரு பக்கத்துத் தென்னை மேலே பார்க்கும், மறுபக்கத்துத் தென்னை தலைகீழாக விழுந்து கிடக்கும். இப்போது பதினாறாம் நூற்றாண்டு உஸ்மானிய ஓவியர் மத்ராக்ஜி நஸூஹ் வரைந்த இஸ்தான்பூல் நகரப் படத்தைப் பாருங்கள். கட்டடங்கள் பல திசைகளுக்கும் மடிந்து கிடக்கும். ஒரு பார்வை மேலிருந்து, ஒரு பார்வை பக்கத்திலிருந்து. பாரசீக நுண்ணோவியத்திலும் அரண்மனையின் உள்ளும் வெளியும் ஒரே தாளில் தெரியும்.

ஐரோப்பியக் கலைக்கூடம் நானூறு வருடமாக ஒரு சட்டம் வைத்திருந்தது. ஒரு மனிதன் ஓரிடத்தில் அசையாமல் நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படித்தான் படம் இருக்க வேண்டும். பிள்ளையும் நஸூஹும் அந்தச் சட்டத்துக்குக் கையெழுத்து வைக்காதவர்கள். அந்தச் சட்டத்திலிருந்து வெளியே வர வழி தேடிய ஓவியர்களுக்கு இரண்டு பேரும் உதவினார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனமாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். நஸூஹ் பிள்ளை இல்லை. கணிதமும் வாள்வித்தையும் வரலாறும் எழுதிய பேரறிஞர். அவர் அப்படி வரைந்தது வேறுவிதமாக வரையத் தெரியாமல் இல்லை, அந்த மரபின் ஒழுங்கு அது. ஐரோப்பியர் பலர் இந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. ஆபிரிக்கன், கிழக்கத்தியன், பட்டிக்காட்டான், பிள்ளை, மனநோயாளி எல்லாரையும் 'ஆதிகாலத்து மனம்' என்று ஒரே கடகத்தில் போட்டார்கள். அன்பாகப் போட்டாலும் கடகம் கடகம்தான். 1937இல் நாஜிகள் அதே மியூனிக்கில் 'சீரழிந்த கலை' என்ற கண்காட்சியை நடத்தி, கிளேயையும் கண்டின்ஸ்கியையும் பைத்தியக்காரரின் கிறுக்கலோடு சேர்த்து ஏளனம் செய்தபோது பயன்பட்டதும் அதே கடகம்தான்.

எடுத்ததும் எடுக்காததும்

நவீன ஓவியர்கள் பிள்ளையிடமிருந்து எதை எடுத்தார்கள்? அநேகமான கட்டுரைகள் இதற்கு 'எளிமை', 'கள்ளமற்ற பார்வை' என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விடும். பிள்ளைகளோடு பழகியவர்களுக்குத் தெரியும், பிள்ளை அப்படியொன்றும் கள்ளமற்றது இல்லை. படம் கீறும்போது அது பெரிய பெரிய தீர்மானங்களை எடுக்கிறது. எது பெரிது, எது சின்னது, எது வேண்டும், எது வேண்டாம்.

ஒரு சின்ன மகளிடம் கேட்டேன்: "ஏன் மகள், மூத்தம்மா ஊட்ட விடப் பெரிசாரிக்கா?"

"மூத்தம்மாதானே எல்லாரையும் பாக்குற."

இதில் எளிமை எங்கே இருக்கிறது? இது ஒரு வாதம். உருவத்தின் அளவைத் தூரம் தீர்மானிப்பதில்லை, பொறுப்புத்தான் தீர்மானிக்கிறது என்ற வாதம். அதே பிள்ளை வாப்பாவுக்கு முகம் கீறாமல் தொப்பியும் மோட்டார் சைக்கிளும் மட்டும் கீறியிருந்தது. வாப்பா கட்டார் நாட்டில் வேலை.

பிள்ளையிடமிருந்து இந்தத் தீர்மானிக்கும் துணிவை எடுத்தவர்கள் நல்ல ஓவியர்கள் ஆனார்கள். அதன் கோணல் கோட்டை மட்டும் எடுத்தவர்கள் ஒரு பாணியைப் பெற்றார்கள், அவ்வளவுதான். கிளே இந்த வித்தியாசத்தை நன்றாக அறிந்தவர். அதனால்தான் பிற்காலத்தில் தன் படங்களைப் பிள்ளைக் கிறுக்கலோடு சமப்படுத்துவதை அவர் விரும்பவில்லை. அவருடைய ஒரு கோட்டுக்குப் பின்னால் பல வருடத்துச் சுருக்கம் இருந்தது. 1939இல், உடம்பின் தோல் இறுகிக்கொண்டு வரும் நோயோடு, ஒரே வருடத்தில் 1,200க்கு மேற்பட்ட படங்களை வரைந்தார். அவற்றில் வரும் வானவர்கள் மறதிக்காரர்கள், விகாரமானவர்கள், இன்னும் நடை பழகுகிறவர்கள். கோடு பிள்ளையின் கோடு மாதிரி இருக்கும். சொல்கிற விஷயம் மௌத்தின் வாசலில் நிற்கிற மனிதனுடையது.

பிக்காசோ 1956இல் சிறுவர் ஓவியக் கண்காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டு, தான் சிறுவயதில் பெரிய மேதைகளைப் போல வரைந்ததாகவும் பிள்ளைகளைப் போல வரையப் பழகுவதற்கு ஆயுள் முழுக்கத் தேவைப்பட்டதாகவும் சொன்னார் என்று ஹேர்பேர்ட் ரீட் எழுதியிருக்கிறார். இந்தக் கூற்றை எல்லோரும் எடுத்துக் கையாளுகிறார்கள். ஆனால் பழகுவதற்கு என்ற சொல்லைத் தவறவிட்டுவிடுகிறார்கள். பிள்ளை பழகாமல் செய்வதைப் பெரியவன் பழகித்தான் செய்ய வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாத 'பிள்ளைத்தனம்' நடிப்பு. நமது சிற்றிதழ்களில் வரும் கோட்டோவியங்களில் ஒரு பகுதி இந்த நடிப்புத்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கண் இரண்டும் ஒரே பக்கம், கை நீளம், பின்னால் ஒரு பிறை. யாருக்கு யார் பெரியவர் என்ற கேள்வி மட்டும் அதில் இல்லை.

காரெல் அப்பலின் கதை இதற்கு எதிர்ப்பக்கம். டென்மார்க், பெல்ஜியம், ஒல்லாந்து ஓவியர்கள் 1948இல் அமைத்த 'கோப்ரா' குழுவைச் சேர்ந்தவர் அவர். யுத்தத்துக்குப் பின் ஜேர்மனிக்கூடாகப் போன ரயிலிலிருந்து கையேந்தி நின்ற பிள்ளைகளைக் கண்டிருந்தார். 1949இல் அம்ஸ்டர்டாம் நகர மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில், பிள்ளையின் கைபோன்ற கையால், 'கேட்கும் பிள்ளைகள்' என்று வரைந்தார். பெரிய கண்கள், மரக்கட்டை உடம்புகள். உத்தியோகத்தர்களுக்கு அதன் முன்னால் இருந்து சாப்பிட முடியவில்லை. முறைப்பாடு செய்தார்கள். சுமார் பத்து வருடம் அந்தச் சுவர் காகிதம் ஒட்டி மூடிக் கிடந்தது. "சின்னவனும் கீறுவான்" என்றுதான் அவர்களும் சொல்லியிருப்பார்கள். உண்மையில் சோற்றைத் தடுத்தது அந்தப் பிள்ளைகளின் பார்வை.

நமது பக்கத்திலும் இந்தக் காற்று அடித்திருக்கிறது. பம்பாயில் எம்.எப். ஹுசைன் 1940களில் சினிமாப் பதாகை வரைந்தும் தளபாடக் கம்பனி ஒன்றுக்குச் சிறுவர் விளையாட்டுப் பொம்மைகள் வடிவமைத்தும் பிழைத்தவர். அவருடைய குதிரைகளிலும் மனிதர்களிலும் அந்த மரப் பொம்மையின் வெட்டு கடைசி வரை தங்கிவிட்டது. சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்கு மாணவர் ஒருவரின் பயிற்சிக் கொப்பிப் பக்கம் பொறியாக இருந்தது. கணக்கும் எழுத்தும் கிறுக்கலும் கலந்து கிடந்த ஒரு சாதாரணப் பக்கம். அப்படிப்பட்ட கொப்பிகள் நமது வீடுகளில் நிறையக் கிடக்கின்றன, பழைய பேப்பர்க்காரருக்கு நிறுத்துக் கொடுக்கிறோம்.

கொழும்பு வரை வந்தது

இலங்கைக்கு இந்தச் சிந்தனை சித்திரப் பரிசோதகர்கள் வழியாக வந்தது. 1920களில் சார்ள்ஸ் பிரீகுரோவ் வின்சர் இலங்கையின் சித்திரக் கல்விக்குப் பொறுப்பாக இருந்து, அச்சுப் படத்தைப் பார்த்து வரைகிற முறையிலிருந்து ஆசிரியர்களை விலக்க முயன்றார். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த ஜெஃப்ரி பீலிங் 1943இல் உருவான '43 குழு'வின் ஓவியர்களில் ஒருவர். அந்த வட்டத்தோடு நெருங்கிய கோரா ஏப்ரஹாம் 1949இல் பம்பலப்பிட்டியில் சிறுவர்களுக்கான ஓவிய வகுப்பைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் எஸ்.ஆர். கனகசபை 1938இல் வின்சரின் பெயராலேயே ஓவியக் கழகம் ஒன்றை அமைத்தார்.

ஆகவே நவீன ஓவியமும் பிள்ளைகளின் சித்திரக் கல்வியும் இந்நாட்டில் ஒரே கைகளால் நடப்பட்டவை. ஆனால் கொழும்பின் ஆங்கிலம் பேசும் வீடுகளில் அது தளைத்த மாதிரி நமது கரையில் தளைக்கவில்லை. நமக்கு வந்து சேர்ந்தது பாடத்திட்டமும் போட்டியும்.

போட்டிப் படம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஓலைக் குடிசை, வானத்தில் நாலு பறவை. நமது ஊரில் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்புகிறது. சுபஹுத் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போகிற பிள்ளை அதைத் தினமும் காண்கிறது. தோணி, கரைவலை, கருவாட்டுப் பாய், ஐஸ் பெட்டி ஏற்றிய லொறி எல்லாம் காண்கிறது. தாளைக் கொடுத்தால் மலைக்கு நடுவில் சூரியனைக் கீறுகிறது, ஏனென்றால் பரிசு அந்தச் சூரியனுக்குத்தான் கிடைக்கும். மருதமுனைப் பிள்ளை தறியின் கட்டங்களுக்குள் வளர்கிறது. அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பிள்ளை பாய் இழைக்கிற கையைப் பார்த்து வளர்கிறது. அந்தக் கட்டமும் அந்த இழையும் சித்திரக் கொப்பிக்குள் வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமது பிள்ளையின் கை காலையில் பாடசாலையில் இடமிருந்து வலமாகத் தமிழ் எழுதுகிறது. அஸருக்குப் பின் குர்ஆன் மதரசாவில் வலமிருந்து இடமாக அலிபு, பே எழுதுகிறது. இரண்டு திசையும் பழகிய கை இது. கிளே அறபு எழுத்தின் அசைவைத் தன் ஓவியத்துக்குள் கொண்டுவர எவ்வளவு தூரம் போனார்! அந்த அசைவு நமது பிள்ளையிடம் சும்மா கிடக்கு. ஒரு பிள்ளை படத்தில் மனிதர்களை எந்தப் பக்கம் பார்த்து நடக்க வைக்கிறது, கதையை எந்த மூலையில் தொடங்குகிறது என்று பார்ப்பது ஒலுவில் வளாகத்து மாணவர் எவருக்கும் நல்ல ஆய்வுத் தலைப்பு.

இறக்கை வைத்த குதிரை

"மகன், உசிருள்ளதக் கீறாத" என்று சொல்லும் பயத்தையும் இங்கே நேராகப் பார்த்துவிட வேண்டும். உருவம் வரைவது பற்றிய ஹதீஸ்களும் அவற்றின் விளக்கங்களும் வேறுபாடுகளும் உலமாக்களின் துறை. அதற்குள் நுழையும் தகுதி ஓவிய விமர்சனத்துக்கு இல்லை. ஆனால் பிள்ளைகளின் கற்பனை பற்றிப் பேசுகிறவர் எவரும் தாண்டிப் போக முடியாத ஓர் அறிவிப்பு அபூதாவூத் கிரந்தத்தில் இருக்கிறது.

ஆயிஷா நாயகி (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளை மூடியிருந்த திரை காற்றில் விலகுகிறது. பொம்மைகளுக்கு நடுவே துணியால் செய்த இறக்கைகளோடு ஒரு குதிரை. நபியவர்கள் (ஸல்) இது என்ன என்று கேட்கிறார்கள். குதிரை என்கிறார்கள் ஆயிஷா நாயகி. அதன் மேல் இருப்பது என்ன என்று கேட்க, இறக்கைகள் என்கிறார்கள். குதிரைக்கு இறக்கையா என்று வியந்து கேட்க, சுலைமான் நபிக்கு (அலை) இறக்கை உள்ள குதிரைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்படவில்லையா என்ற பதில் வருகிறது. நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று அறிவிப்பு முடிகிறது.

சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் இவ்வகை அறிவிப்புகளைக் கொண்டு சிறுவரின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு விலக்களித்திருக்கிறார்கள். மாற்றுக் கருத்துள்ளவர்களும் இருக்கிறார்கள். நான் இங்கே பார்ப்பது அந்த உரையாடலின் போக்கை. குதிரைக்கு இறக்கை கிடையாது, பிய்த்து எறி என்று யாரும் சொல்லவில்லை. கேள்விகள் கேட்கப்பட்டன. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வரும்வரை பொறுமை இருந்தது. கடைசிப் பதில், கேட்டு வளர்ந்த கதை ஒன்றிலிருந்து ஆதாரம் காட்டியது. கற்பனை ஆகாயத்திலிருந்து விழவில்லை, பிள்ளை கேட்ட கதைக்குள்ளிருந்து இறக்கை முளைத்திருக்கிறது. அதற்குக் கிடைத்த மறுமொழி சிரிப்பு, அதுவும் மகிழ்ச்சிச் சிரிப்பு.

சிறுவர் சித்திரத்தை எப்படிப் பார்ப்பது என்று இருபதாம் நூற்றாண்டில் பெரிய பெரிய நூல்கள் எழுதப்பட்டன. ரீடின் 'கலை வழியாகக் கல்வி' 1943இல் வந்தது. அவற்றின் சாரம், திருத்தாதே, கேள், பதிலைக் கேட்டுக்கொள் என்பதுதான். அது நமது சீறாவுக்குள்ளேயே இருக்கிறது. நமது பாடசாலைகளில் சங்கீதமும் நடனமும் பெரும்பாலும் இல்லை. அழகியல் என்று எஞ்சுவது சித்திரம்தான். எஞ்சிய அந்த ஒரு வாசலிலும் பிள்ளையிடம் இது என்ன என்று கேட்காமல், இது பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

சாட்சியாகும் தாள்கள்

மூத்தம்மாவைப் பெரிசாகக் கீறுகிற அதே கை, நடக்கக் கூடாதது நடந்தாலும் எது பெரிது என்று தீர்மானித்துக் கீறுகிறது. அப்போது அந்தத் தாள் சாட்சியம் ஆகிறது. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் அகதிகளான பிள்ளைகள் கீறிய விமானங்களும் குண்டுகளும் 1938இல் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் முன்னுரையோடு நூலாக வந்தன. பிக்காசோவின் 'குவெர்னிகா' அதற்கு முந்திய வருடத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பெரிய ஓவியன் எதைப் பழகிக்கொண்டிருந்தான் என்று விளங்கும். சிசெக்கிடமும் கிளேயிடமும் படித்த பிரீடல் டிக்கர் பிராண்டைஸ், தெரேசின் முகாமில் நாஜிகள் அடைத்து வைத்த யூதப் பிள்ளைகளுக்கு இரகசியமாகச் சித்திரம் கற்பித்தார். 1944 ஒக்டோபரில் அவுஷ்விட்சில் கொல்லப்படுவதற்கு முன் இரண்டு பெட்டிகளில் சுமார் 4,500 படங்களை ஒளித்து வைத்துவிட்டுப் போனார். அவை இன்று பிராக் நகரில் பாதுகாக்கப்படுகின்றன. 2007இல் டார்பூர் பிள்ளைகளின் சுமார் 500 படங்களைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் சூழ்நிலைச் சான்றாக ஏற்றுக்கொண்டது. 2011இல் காஸாப் பிள்ளைகளின் படங்களைக் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரச் சிறுவர் கலை அருங்காட்சியகம் கண்காட்சி தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன் ரத்துச் செய்தது. ஏற்பாட்டாளர்கள் பக்கத்துக் கட்டடம் ஒன்றில் அவற்றைத் தொங்கவிட்டார்கள். பிள்ளையின் கீறல் பெறுமதி இல்லாதது என்றால் அதற்கு ஏன் இவ்வளவு பயம்?

நமது மாகாணத்திலும் இதை விளங்கிக்கொண்டவர்கள் இருந்தார்கள். மட்டக்களப்பில் 1996இல் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். காத்தான்குடியில் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டு ஆறு வருடம். தமிழ்க் கிராமங்களும் தங்கள் மையித்துகளை எண்ணிக்கொண்டிருந்த காலம். அந்த நேரத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் அந்தத் தோட்டத்துக்கு வந்து, படம் கீறினார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். இந்நாட்டில் சிறுவர் கற்பனையை மையமாக வைத்து நடந்த மிகப் பெரிய காரியங்களில் ஒன்று அது என்பேன். நமது கலை விமர்சனம் அதைத் 'தொண்டு வேலை' என்று ஒதுக்கிவிட்டது, கலை என்று எடுத்துப் பேசவில்லை.

பிறகு 2004 டிசம்பர் 26. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மௌத்தானார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது கரைகளில் வீடு இருந்த இடம் மணலாகியது. முகாம்களில் பிள்ளைகளுக்குப் பாஸ்டலும் தாளும் கொடுத்தார்கள். மலைக்கு நடுவில் சூரியன் கீறிப் பழகிய பிள்ளைகள் அப்போது அதைக் கீறவில்லை. கடலைக் கறுப்பாகக் கீறினார்கள். தென்னையை விட உயரமாக, மினாராவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற கடல். சிலர் தாளின் அடியிலிருந்து நுனி வரை கறுப்பைத் தீற்றிவிட்டு ஓர் ஓரத்தில் ஒரு சின்னச் செருப்பை மட்டும் கீறினார்கள். கிளேயும் அப்பலும் தேடிப் போன அந்தத் தீர்மானம் அன்று பாடசாலைக் கட்டடங்களில், கிழிந்த தாள்களில், நமது பிள்ளைகளின் கையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவற்றில் பல வெளியார் கொண்டுவந்த உறைகளுக்குள் போயின. சில இங்கேயே அலுமாரித் தட்டுகளில் கறையான் தின்னக் கிடக்கின்றன. சுனாமி பற்றி நாம் கவிதைத் தொகுதிகள் போட்டோம், கட்டுரைகள் எழுதினோம், வருடா வருடம் துஆ ஓதினோம். அந்தத் தாள்களைப் பதிப்பிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. எழுதத் தெரிந்தவர்களின் துயரத்தைத்தான் இலக்கியம் என்று எடுத்துக்கொண்டோம்.

செய்யக்கூடிய சில காரியங்கள் இருக்கின்றன, எதற்கும் பெரிய செலவு இல்லை. அந்தக் காலத்துத் தாள் யார் வீட்டில் இருந்தாலும், இப்போது இருபதும் முப்பதும் வயதைத் தாண்டியிருக்கும் அந்தப் பிள்ளைகளின் சம்மதத்தோடு, படம் பிடித்து ஊர் நூலகத்தில் ஒரு பிரதி வைக்கலாம். சித்திர ஆசிரியர்கள் வருடத்தில் ஒரு தவணையாவது மாதிரிப் படம் தொங்கவிடாமல் பாடம் நடத்தலாம். போட்டி நடத்துகிற சங்கங்கள் பெரியவர் கை பட்ட படத்துக்குப் பரிசில்லை என்று அறிவித்துவிட்டு அதன்படி நடக்கலாம். வீட்டில் செய்யக்கூடியது இன்னும் லேசு. பிள்ளை படத்தைக் கொண்டுவந்து நீட்டினால் "வடிவாரிக்கி" என்று சொல்லிவிட்டு போனைப் பார்க்காமல், இது என்ன மகள் என்று கேட்டு, அது சொல்கிற பதிலைத் தாளின் பின்பக்கத்தில் திகதியோடு எழுதி வைக்கலாம். படத்தில் பாதி அந்தப் பதில்தான். எழுதாவிட்டால் அடுத்த பெருநாள் வருவதற்குள் பிள்ளையும் மறந்துவிடும், நாமும் மறந்துவிடுவோம்.